தத்தெடுக்க வருவோரிடம் ஏன் இத்தனை கேள்விகள்?

கைவிடப்பட்ட விலங்குகளை ஏற்றுப் பராமரிக்கும் மீட்பு நிலையங்கள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன. நாய், பூனைகளுக்கு மட்டுமல்ல; ஆமை, இகுவானா, மலைப்பாம்பு, பெருங்கிளி, குரங்கு ஆகியவற்றுக்கும் தனி நிலையங்கள் உண்டு. அங்கே சென்று, "எனக்கு ஒன்று தாருங்கள், நான் வளர்க்கிறேன்" என்று கேட்பவர்கள் ஏராளம். அவர்களிற் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனாலும் நிலையத்தார் உடனே தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. நீண்டதொரு படிவத்தை நீட்டுகிறார்கள். கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். பலரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியும் விடுகிறார்கள். "வாயில்லா ஜீவனுக்கு இலவசமாக வீடு கொடுக்க வந்தவரை இப்படியா விரட்டுவது?" என்று வந்தவருக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோபம் நியாயமானதா? அந்தக் கேள்விகள் எதற்காக? உடப்புசல்லாவை போன்றதொரு மலையூரில் அதே கேள்விகளை நம்மிடம் கேட்டால் நமது விடைகள் எப்படியிருக்கும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழகிய பிராணியும் பழகாத பிராணியும்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பதினையாயிரம் ஆண்டுகளேனும் இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பூனையின் உறவு ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகள் பழமையானது. இத்தனை தலைமுறைகளாக நம் வீட்டு வாசலில் கிடந்து, நம் குரலையும் நம் சோற்றையும் நம் குழந்தைகளையும் அவை பழகிக்கொண்டன. நாமும் அவற்றைப் பழகிக்கொண்டோம். பூனை பசியில் கத்துகிறதா, வலியில் கத்துகிறதா என்று நம் வீட்டு உம்மம்மாவுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும்.

இகுவானாவுக்கும் ஆமைக்கும் குரங்குக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அது கூண்டிற் பிறந்த குட்டியாகவே இருந்தாலும் அதன் உடலும் இயல்பும் காட்டுக்குரியவை. அதற்கு நோய் வந்தால் நமக்குத் தெரியாது. காட்டில் பலவீனத்தைக் காட்டும் பிராணியை எதிரி பிடித்துவிடும் என்பதால் அது நோயை மறைத்தே வைத்திருக்கும். நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆசை எங்கிருந்து வருகிறது?

முன்பெல்லாம் இப்படியொரு பிராணியைப் பார்க்க வேண்டுமென்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சுற்றுலா போக வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காணொளி போதும். இதற்குச் சிறந்த உதாரணம் தென்கிழக்காசியாவின் மந்தத் தேவாங்கு. 2009ஆம் ஆண்டில் ஒரு தேவாங்கை ஒருவர் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருக்கும் காணொளி உலகமெங்கும் பரவியது. "எவ்வளவு அழகு! எனக்கும் ஒன்று வேண்டும்!" என்று பார்த்தவர்கள் எழுதினார்கள்.

உண்மை என்ன தெரியுமா? மந்தத் தேவாங்கு நச்சுத்தன்மையுள்ள மிகச் சில பாலூட்டிகளில் ஒன்று. அதன் மேற்கையில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆபத்து வரும்போது கையை உயர்த்தி, அச்சுரப்பு நீரை எச்சிலுடன் கலந்து கடிப்பதற்கு ஆயத்தமாகும். நாம் மகிழ்ச்சி என்று நினைத்து ரசித்தது அதன் பயம். கடிக்காமல் இருப்பதற்காக வியாபாரிகள் நகவெட்டியால் அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள். இந்தோனேசியாவில் மீட்கப்பட்டு நிலையங்களுக்கு வந்த பல தேவாங்குகள், பல் இல்லாததால் மீண்டும் காட்டுக்குப் போக முடியாமலே போயின. 2007ஆம் ஆண்டிலேயே இவ்விலங்கின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் காணொளியைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் காணொளி ஒரு நிமிடத்தைத்தான் காட்டும். மீதி இருபத்துமூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடங்களை மீட்பு நிலையத்தின் படிவம்தான் கேட்கும்.

நாணயமளவு ஆமையின் கதை

மீட்பு நிலையங்களுக்கு வந்து சேரும் பிராணிகளில் அதிகம் பேசப்படுவது சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, பச்சை நிறக் குட்டி ஆமை. அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் அலங்கார மீன் வியாபாரத்தோடு வந்து சேர்ந்தது.

குட்டியாக இருக்கும்போது அது பெரிய நாணயமொன்றின் அளவே இருக்கும். கண்ணாடிப் போத்தலில்கூட வைக்கலாம் போலத் தோன்றும். வளர்ந்தால் ஓடு 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம் வரை போகும். நூற்றுக்கணக்கான லீற்றர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி தேவை. தண்ணீர் நாறாமலிருக்க வடிகட்டி தேவை. ஏறி வெயில் காயக் கல் தேவை. நன்றாகப் பராமரித்தால் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை வாழும். பத்து வயதில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அவள் படித்து, திருமணம் முடித்து, தன் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதும் ஆமை உயிரோடு இருக்கும். அந்த ஆமை யாருடைய வீட்டில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஆமைகளின் உடலில் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா அவற்றுக்குத் தீங்கின்றி வாழக்கூடியது. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் சிறுபிள்ளைக்குக் கடும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரலாம். இக்காரணத்தால்தான் ஓட்டின் நீளம் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இவ்வாமையின் இறக்குமதியையே நிறுத்தியது. அங்கே காரணம், வீட்டில் சலித்துப்போனவர்கள் குளத்தில் விட்ட ஆமைகள் உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டமை.

படிவம் கேட்கும் கேள்விகள்

இப்போது படிவத்துக்கு வருவோம். நிலையத்துக்கு நிலையம் சொற்கள் வேறுபடலாம். ஆனால் அடிப்படைக் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. நம் ஊரை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஓர் இகுவானாவைக் கேட்டு விண்ணப்பிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, சூடு. இகுவானா ஊர்வன. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க அதனால் முடியாது. வெயில் காயும் இடம் 30 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் அதற்கு உணவு செரிக்கும். உடப்புசல்லாவையிலோ மார்கழி, தை மாதங்களில் நாமே சால்வைக்குள் சுருண்டு கிடக்கிறோம். பகல் முழுவதும் மூடுபனி இறங்கி நிற்கும் நாட்களும் உண்டு. அப்படியானால் வெப்பவிளக்கு இரவுபகலாக எரிய வேண்டும். மின்கட்டணம் யார் கட்டுவது? காற்றுமழையில் மரம் விழுந்து மின்சாரம் இல்லாமற்போனால் என்ன செய்வது?

இரண்டாவது, வெளிச்சம். எலும்புக்குத் தேவையான விற்றமின் டீயை உண்டாக்கப் புறஊதாக் கதிர் வேண்டும். அதற்கென்று விசேட விளக்குகள் இருக்கின்றன. அவை கண்ணுக்கு வெளிச்சம் தந்துகொண்டேயிருக்கும். ஆனால் ஓராண்டுக்குள் புறஊதாக் கதிரின் அளவு குறைந்துவிடும். மாற்றாவிட்டால் பிராணியின் எலும்பு மெலிந்து, தாடை வீங்கி, கால் வளைந்துவிடும். விளக்குத்தான் எரிகிறதே என்று வளர்ப்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். மீட்பு நிலையங்களுக்கு வரும் ஊர்வனவற்றில் இந்நோய் சாதாரணமாகக் காணப்படுவது.

மூன்றாவது, உணவு. இகுவானா இலை தின்னும் பிராணி. முட்டையும் இறைச்சியும் கொடுத்தால் ஆசையாகத் தின்னும், சிறுநீரகம் கெட்டுவிடும். நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கோவாவும் லீக்ஸும் மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. மருந்து தெளித்த இலையையும் கொடுக்க முடியாது.

நான்காவது, வைத்தியர். நம் பகுதிக் கால்நடை வைத்தியர்களின் நாள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளோடு கழிகிறது. அது அவர்களுடைய குறையன்று. ஊரின் தேவை அதுதான். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம் என்றால், நோயுற்ற பிராணியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

ஐந்தாவது, இடம். வாலோடு சேர்த்து ஒன்றரை மீற்றருக்கு மேல் வளரும் பிராணி அது. தோட்ட லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையொன்றில் ஆறு பேர் படுத்துறங்கும் குடும்பங்கள் நம் வகுப்பிலேயே இருக்கின்றன. பெரிய வீடு இருப்பவர்களும் யோசிக்க வேண்டும்: அந்த அறை அதற்கே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆறாவது, ஆள். "யார் பராமரிப்பீர்கள்?" என்று கேட்டால் "என் மகள்" என்று பெற்றோர் எழுதுவார்கள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்கோ கல்வியியற் கல்லூரிக்கோ போன பின்னர்? அந்த வேலை உம்மாவின் தலையில் விழும். எந்த வீட்டிலும் பிராணியைக் கேட்பவர் ஒருவர், கூண்டு கழுவுபவர் இன்னொருவர். அந்த இன்னொருவரின் சம்மதத்தைத்தான் நிலையம் முதலில் கேட்கிறது.

ஏழாவது, முடிவு. "உங்களால் முடியாமற்போனால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்விக்கு "அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் எழுதுபவர்தான் ஆயத்தமில்லாத விண்ணப்பதாரர். நிலையத்தில் இருக்கும் ஒவ்வொரு பிராணியும் அப்படிச் சொன்ன ஒருவரின் வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடும்.

இந்த ஏழு கேள்விகளும் விண்ணப்பதாரரின் மனதை அளப்பதற்கல்ல. அன்பு இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அது இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அன்பு இருந்தும் சூடும் வெளிச்சமும் வைத்தியரும் இல்லாத வீட்டில் பிராணி செத்துப்போகும் என்பதே அவர்களின் அனுபவம். ஒருமுறை கைவிடப்பட்ட பிராணியை இரண்டாம் முறையும் அப்படியொரு வீட்டுக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது.

நம் நாட்டில் நிலைமை வேறு

மேற்சொன்னவை வெளிநாட்டிலிருந்து வந்த பிராணிகளைப் பற்றியவை. நம் நாட்டுக் காட்டு விலங்குகளின் கதையில் தத்தெடுப்புக்கே இடமில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இதைத் தெளிவாக்கியுள்ளன. பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வறண்ட பிரதேசத்தில் வாழும் நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று கருதி வளர்ப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். மன்னார், புத்தளம் வெயிலுக்குப் பழகிய உடலை நம் மலைக்குளிருக்குக் கொண்டுவந்தால் அதற்கு நுரையீரல் நோய்தான் மிஞ்சும்.

உடவளவை யானைகள் இடைத்தங்கல் நிலையத்தைப் பாருங்கள். தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக 1995இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அமைத்தது அது. பால் கொடுக்கும் நேரத்தில் பொதுமக்கள் தூரத்தில் நின்று பார்க்கலாம். தொட முடியாது, கொஞ்ச முடியாது. மனிதனை நம்பிப் பழகிய யானை காட்டுக்குப் போனால் ஊருக்குத்தான் திரும்பி வரும் என்பதே காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அங்கிருந்து வளர்ந்து காட்டுக்குப் போயிருக்கின்றன. தள்ளி நின்று காட்டும் கருணை அது.

நம் தேயிலை மலைகளிலும் இதைப் புரிந்துகொள்ள வேண்டிய தருணங்கள் வருகின்றன. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடிகளுக்கடியில் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பதுண்டு. "அநாதைக் குட்டி" என்று பரிதாபப்பட்டுத் தூக்கி வந்துவிட்டால் அப்போதுதான் அது உண்மையாகவே அநாதையாகும். தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும், திரும்பி வரும். குட்டியைக் காணாத தாய் ஆட்களுக்கும் ஆபத்து. அந்த மலையை விட்டு விலகி, 1992 என்ற திணைக்களத்தின் அவசர இலக்கத்துக்குத் தகவல் கொடுப்பதே செய்ய வேண்டியது.

காட்டு விலங்கைக் காப்பாற்றுவது நிபுணர்களுக்கே எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தார்கள். மூன்று நாட்களில் இறந்துவிட்டது.

நம் ஓணானும் ஒரு வெளிநாட்டுப் பிராணிதான்

இந்த விடயத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல போன்ற குளிர்காடுகளில் மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று வாழ்கிறது. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அந்த ஓணானும் அதன் உறவினங்களும் களவாகக் கடத்தப்பட்டு ஐரோப்பியச் சந்தைகளில் விற்பனைக்கு வந்தன. அங்கே அது "அபூர்வமான வெளிநாட்டுச் செல்லப்பிராணி". 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இலங்கையின் கோரிக்கையால் இவ்வினங்கள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில்தான் உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது.

யாரோ ஒருவர் தன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நம் மலையின் குளிரையும் பனியையும் செயற்கையாக உண்டாக்கி, நம் ஓணானை அடைத்து வைக்கிறார் என்று கேட்கும்போது நமக்கு எப்படியிருக்கிறது? இகுவானா பிறந்த ஊரில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

விட்டுவிட்டால் என்ன?

"முடியாவிட்டால் ஆற்றில் விட்டுவிடலாம்" என்பது பலரின் மனதிலிருக்கும் கடைசி விடை. மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வளர்க்கப்பட்ட தென் அமெரிக்கக் கெளிற்று மீன் இன்று நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகி, மீனவர்களின் வலைகளைச் சேதப்படுத்துகிறது. கொலம்பியாவில் போதைப்பொருள் வியாபாரி பப்லோ எஸ்கோபார் 1980களில் ஆசைக்கு வளர்த்த நான்கு நீர்யானைகள் இன்று நூற்றுக்கு மேற்பட்டவையாகி ஓர் அரசாங்கத்துக்கே தலைவலியாகிவிட்டன. விடப்பட்ட பிராணி ஒன்றில் பட்டினியால் சாகும், அல்லது பிழைத்து மற்றவற்றைச் சாகடிக்கும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

பிராணி வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சின்னக் குருவி வைத்திருந்ததும், அக்குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அன்போடு விசாரித்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. உரிய முறையில் பராமரித்தால் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதே ஹதீஸ் கிரந்தங்களில் பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் செய்தியும் இருக்கிறது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை, அதற்காகத் தண்டிக்கப்பட்டாள். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் வருகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகிறது. வைத்திருப்பது பொறுப்பு, அடைத்துவிட்டு அதன் தேவையை மறப்பது பாவம், தாயிடமிருந்தும் இருப்பிடத்திலிருந்தும் பிரிப்பது தவிர்க்கப்பட வேண்டியது. மீட்பு நிலையத்தின் படிவமும் இதே பொறுப்பைத்தான் கேட்கிறது.

அப்படியானால் கண்டிப்பு மட்டும் போதுமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பையும் சொல்ல வேண்டும். நிலையங்கள் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருந்தால், திருப்பியனுப்பப்பட்டவர் நேரே கடைக்குப் போய் ஒரு கேள்வியுமில்லாமல் வாங்கிவிடுவார். நிலையத்திலோ கூண்டுகள் நிரம்பி வழியும். ஆகவே "இல்லை" என்ற சொல்லோடு நிலையத்தின் வேலை முடிந்துவிடக் கூடாது. "இப்போது இல்லை, இவற்றைக் கற்றுக்கொண்டு, இவற்றைத் தயார்செய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். கூண்டை முதலில் கட்டுங்கள், ஒரு மாதம் விளக்கையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள், பிறகு பிராணியைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லும் நிலையம் விண்ணப்பதாரரை அவமதிக்கவில்லை, அவரைத் தயார்படுத்துகிறது. கடைகளும் அதே கேள்விகளைக் கேட்கும்படி சட்டம் இறுக்கப்பட்டால் நிலையங்களின் பாரம் பாதியாகும்.

தோழியரே, உங்களில் யாருக்கேனும் பிராணி வளர்க்க ஆசையிருந்தால் மேலேயுள்ள ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, உம்மா, வாப்பாவோடு உட்கார்ந்து விடை எழுதிப் பாருங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்டவுடன் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அதட்டி வாயை மூடவும் வேண்டாம். அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லுங்கள். விடைகள் நிரம்பாவிட்டால், சந்தைக் கட்டடத்தின் படிக்கட்டில் குட்டி போட்டிருக்கும் பூனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெப்பவிளக்கு வேண்டாம். அடுப்படியோரம் ஒரு சாக்கும், நாளுக்கு இருவேளை மீன்சோறும், விசர்நோய்த் தடுப்பூசியும் போதும்.